மஞ்சள் சட்டை வரும் வரை

அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றுவாள். கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுத் திட்டுவதெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. முகம் முழுசாகத் தெரிய வேண்டும், ஒரு வார்த்தைகூடக் காற்றோடு போய்விடக் கூடாது. அதனால் பயணத்தின் இரண்டாம் நாள் மதியம், மலைப்பாதை டீக்கடை ஒன்றின் முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு அவள் தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனதுமே, பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு செல்போனை எடுத்துவைத்துக்கொண்டு அதில் மூழ்கிவிட்டார்கள். அர்ச்சனை யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அப்பாவுக்கு.

அவர் தன் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, கையுறைகளை உருவி ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துவிட்டு, கூப்பிடுவதற்கு முன்பே அவள் எதிரில் வந்து நின்றார்.

மலைமேல் ஆட்களைக் கூட்டமாக பைக்கில் அழைத்துப்போவதுதான் அவள் தொழில். டயர் கடை மாடியில் ஒரே ஒரு அறைதான் அவள் ஆபீஸ். ரப்பர் வாசனை படியேறி வந்து அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது. ஒரு சுவர் முழுக்க மலைப்பாதை வரைபடம், இன்னொரு சுவரில் ஆணி ஆணியாக மழைக்கோட்டு, நடுவில் ஒரு மேஜை. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மேஜையில் காபிக் கோப்பைகளை வரிசையாக வைத்துத்தான் பாடம் எடுப்பாள். முன்னால் போகிற கோப்பை லீடர், அதாவது அவள். கடைசிக் கோப்பை வால். வாலாக வருகிறவர் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பளீரென்று மஞ்சள் சட்டை போட்டிருப்பார். பாதை பிரிகிற இடம் வந்தால், லீடருக்கு அடுத்தாற்போல் வருகிறவர் அங்கேயே இறங்கி நின்று, பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் வழிகாட்ட வேண்டும். அதற்குப் பெயர் காவல். மஞ்சள் சட்டை கண்ணில் பட்டதும் காவல்காரர் வண்டியை எடுத்து வாலுக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். அதுவரை நகரக் கூடாது.

"மழை பேஞ்சாலும் நகரக் கூடாது, பசிச்சாலும் நகரக் கூடாது. உங்க வீட்டுக்காரரே திரும்பி வந்து வாடின்னு கூப்பிட்டாலும் நகரக் கூடாது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஏற்பாடுதான். மலையில் பாதிக்கு மேல் செல்போன் வேலை செய்யாது. இந்த ஏற்பாடு இருந்தால் ஆளைக் காணோமே என்று யாரும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவரைக் காணோம் என்றால் அவர் எங்கோ காவல் நிற்கிறார், வாலோடு வந்து சேருவார் என்று அர்த்தம். பத்து வருஷத்தில் அவள் ஒருவரையும் தொலைத்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குத் தலைக்கேறியிருந்தது என்று சொன்னால் மறுக்கத்தான் செய்வாள். ஆனால் ஏறித்தான் இருந்தது.

அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைதான் அவருக்கு இரண்டாவது வீடு. அந்த அறையின் சுவரில் ஒரு காலண்டர் படம் ஒட்டியிருந்தார். இரண்டு பனிச்சரிவுகளுக்கு நடுவே பாம்பாக வளைந்து ஏறும் ஒரு சாலை. இவள் கூட்டிப்போகும் வழியிலேயே ஆக உயரமான, கடைசி நாள் கடக்கிற பெரிய கணவாய் அதுதான். மகள் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. "அந்தப் படத்துல இருக்கிற ரோடுல ஒருவாட்டி நானே ஓட்டிட்டுப் போகணும் பாப்பா" என்றார். அவள் சரி என்றாள். அந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது. அடுத்த வருஷம் வெளியூர்க் கூட்டம். அதற்கடுத்த வருஷம் அவரே கேட்கவில்லை. இந்த வருஷம் ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, இடம் வீணாகப் போகிறதே என்றுதான் அவரைக் கூப்பிட்டாள். அவர் அன்றைக்கே போய் வண்டிக்கு இரண்டு டயரும் மாற்றிவிட்டார், மகள் ஆபீசுக்குக் கீழேயே, அவளுக்குச் சொல்லாமல்.

கூட வந்தவர்கள் நான்கு பேர்: பல் டாக்டர், கணக்கு டீச்சர், ரொட்டிக்கடை அண்ணன் தம்பி. வாலாக அவளுடைய கொழுந்தன். எல்லோருக்கும் பின்னால் பெட்டி படுக்கையோடு வேனில் அவள் கணவன். அப்பா முதல் நாளே எல்லோருக்கும் செல்லமாகிவிட்டார். அவளுக்குத்தான் ஒன்று தாங்கவில்லை. ஊரே கேட்கிற மாதிரி அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார். நாற்பது தாண்டியவளை, தோல் ஜாக்கெட்டும் முழங்கால் கவசமுமாக நின்று கட்டளை போடுகிறவளை, "பாப்பா, தண்ணி குடிச்சியா?" என்றார். பல் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, அடுத்த டீ எங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதையும் டாக்டர் தொழில் முறையில் கவனித்து, கடிக்காதீங்க, தேய்ஞ்சிடும் என்றார்.

இரண்டாம் நாள் காலையில் நடந்தது இதுதான். பாலத்தருகே பாதை பிரியும் இடத்தில் அப்பா காவல். டீச்சரும் டாக்டரும் தாண்டிப் போனபின், எதிர் மேட்டில் ஒரு பழைய லாரி ஏற முடியாமல் பின்னால் சறுக்க ஆரம்பித்தது. சக்கரத்துக்குக் கல் வைக்க ஆளில்லாமல் டிரைவர் கத்தினான். அப்பா ஓடிப்போய்க் கல் வைத்தார். அந்த இடைவெளியில் ரொட்டிக்கடை சகோதரர்கள் வந்து, காவலுக்கு ஆள் இல்லாததால் நேர்ப்பாதை என்று நினைத்துக் கல்குவாரி ரோட்டில் ஏறிவிட்டார்கள். ஜல்லியில் தம்பி சறுக்கி விழுந்து முழங்கால் தேய்ந்தது. ஒரு மணிநேரத் தேடலுக்குப் பிறகு கிடைத்தார்கள்.

"எங்க போனீங்க?"

"லாரி உருண்டுடும் போல இருந்துச்சு பாப்பா. கல்லு வைக்க ஆளில்ல. ஒரு நிமிஷந்தான் போனேன்..."

"பாப்பா பாப்பான்னு கூப்பிடாதீங்க! இங்க நான் உங்க பொண்ணு இல்ல, லீடர். அவர் பள்ளத்துல விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? லாரிக்காரனா? மஞ்சச் சட்டை வர்ற வரைக்கும் நிக்கணும்னா நிக்கணும். வானமே இடிஞ்சு விழுந்தாலும் நிக்கணும். அது முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. வேன்ல ஏறி உக்காந்துக்கலாம். பெரிய கணவாய்க்கும் அப்படியே மூட்டையோட மூட்டையா வந்துடலாம்."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வாய் ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, நிறுத்த மனமில்லை. டீக்கடைக்காரர்கூடக் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். பிறகு, "சரிங்க லீடர், இனிமே நகர மாட்டேன்" என்றார்.

நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியவர் எவ்வளவு சாமர்த்தியமாகச் சூட்டைத் தணித்துவிட்டார் என்று டீச்சர் பாராட்டினாள். அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வரப்பார்த்தது. அதை வேடிக்கை என்றுதான் அவளும் எடுத்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அந்த "ங்க" போகவில்லை. "இந்த சூப்பு எடுத்துக்கோங்க" என்றார். "உங்க பின்பக்க லைட்டு மங்கலா எரியுதுங்க, பாத்துக்கோங்க" என்றார். கொழுந்தன் ரொட்டியை வாயில் வைத்தபடியே சிரித்தான். "என்ன மாமா, அண்ணிக்கே மரியாதை குடுக்க ஆரம்பிச்சுட்டீங்க?"

"லீடர்டா" என்றார் அப்பா, அவரும் சிரித்துக்கொண்டே.

அவர் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சண்டைக்கு வருகிற அப்பாவாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபம், நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிச் சமாதானமாகியிருக்கலாம். படுக்கப்போகும் முன் அவர் அறைப்பக்கம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாமா என்று யோசித்தாள். மறுநாள் பாதையில் மண்சரிவு என்று தகவல் வந்திருந்தது, அதை விசாரிக்க உட்கார்ந்தாள். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள். காலையில் ரொட்டிக்கடைத் தம்பியின் வளைந்த பிரேக் கம்பியை நிமிர்த்தவே நேரம் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் நடுக்கணவாய். உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் போனால் அன்று தங்க வேண்டிய ஊர், வலதுபக்கம் போனால் பாதி கட்டி நின்றுபோன ஒரு அணைக்கட்டு. அங்கே ஒரு மரம் கிடையாது, கூரை கிடையாது. காற்று மட்டும் உண்டு. அந்த இடத்தில் அவளுக்கு அடுத்து வந்தது அப்பாதான். கையைக் காட்டினாள். அவர் நின்றார். கண்ணாடியில் பார்த்தாள். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, சரியாக முனையில் கால்களை அகட்டி நின்று, இடதுகையை நீட்டிவைத்துக்கொண்டிருந்தார். இன்னும் யாரும் வரவேயில்லை, அதற்குள் கை நீட்டியாகிவிட்டது. பரவாயில்லையே, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்க வேண்டிவந்தது.

டீச்சர் வந்தாள், ரொட்டிக்கடைக்காரர்கள் வந்தார்கள். கீழே முதல் வீடுகள் தெரிகிற வளைவில் செல்போனுக்கு உயிர் வந்து மணி அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, டாக்டர் வண்டியில கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு. உச்சிக்கு இந்தப் பக்கமே நிக்கிறோம். வண்டிய வேன்ல ஏத்தியாச்சு. மேல பனி கொட்டுற மாதிரி இருக்குன்னு அண்ணன் சொல்றாரு. திரும்பிக் கீழ் ரோடு வழியா சுத்தி வந்துடவா?"

"சரி, பாத்து வாங்க. அவசரப்படாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. கொழுந்தன் வேறு பாதையில் போகிறான் என்றால், மஞ்சள் சட்டை வேறு பாதையில் போகிறது. அது அந்த முனைக்கு வரப்போவதில்லை. ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு. ஆனால் பத்து வருஷப் பழக்கம் அவள் தலைக்குள் தடம் போட்டு வைத்திருந்தது. காவல் நிற்பவர் வாலோடு வருவார். கொழுந்தனோ, காவலுக்கு நிற்பவரைக் கூப்பிட்டுக்கொள்வது லீடர் வேலை என்று நினைத்துவிட்டான். இரண்டு பேரும் தங்கள் தங்கள் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்.

விடுதியில் சாவிகளைக் கொடுத்தாள். வெந்நீர் வருகிறதா என்று ஒவ்வொரு அறையாகக் குழாயைத் திறந்து பார்த்தாள். ஈரக் காலணிகளைக் கணப்பருகே வரிசையாக அடுக்கினாள். டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்பா எங்க?" என்றாள்.

"வாலோட வருவார்."

ஜன்னலில் ஏதோ பொரிவது போல் சத்தம் கேட்டது. ஆலங்கட்டி. "நல்லவேளை, நாம வந்து சேந்துட்டோம்" என்றார் ரொட்டிக்கடை அண்ணன். அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, சூடாக ஒரு கோப்பை சூப்பை உறிஞ்சினாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வாசலில் வேன் வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். கணவன் இறங்கினான். பின்னாலேயே தன் வண்டியில் வந்த கொழுந்தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி உதறினான். அவள் அவர்களைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமா எந்த ரூம் அண்ணி?" என்றான் கொழுந்தன்.

அவள் வேனுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த மஞ்சள் சட்டையைப் பிடுங்கினாள்.

"அது எதுக்கு அண்ணி? ஈரம்!"

"இது இல்லாம அவர் அங்கேருந்து வரமாட்டார்" என்றாள்.

வேனைக் கணவன் ஓட்டினான். வளைவுக்கு வளைவு அவள் அப்பாவின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. "அறிவுள்ள மனுஷன், குளிர் தாங்கலன்னா கிளம்பி வந்திருப்பாரு. எதிர்ல பாத்துடலாம் பாரு" என்றான் கணவன். எதிரில் யாரும் வரவில்லை. வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உதவியாள் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் மோட்டாரைக் கையால் சுற்றி, கூண்டை அங்குலம் அங்குலமாக இறக்குவான். அப்பா மூடின கதவுக்கு வெளியே நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பார். எத்தனை பிள்ளைங்க, யாரைப் பாக்க வந்தீங்க, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க என்று. கதவு திறக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். சுற்றுகிறவன்தான் வேலை செய்கிறான், இவர் வெட்டிப்பேச்சு பேசுகிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டாள். "உள்ள இருக்கிறவங்களுக்கு வெளிய ஒருத்தன் நிக்கிறான்னு தெரியணும் பாப்பா" என்றார். இந்த மனிதருக்குத்தான் நிற்பது எப்படி என்று டீக்கடை வாசலில் அவள் பாடம் நடத்தியிருக்கிறாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணவன் ஹீட்டரைக் கூட்டிவைத்தான்.

அவர் அங்கேதான் இருந்தார். வண்டியை உச்சிப்பக்கம் பார்த்துத் திருப்பி, விளக்கைப் போட்டுவிட்டிருந்தார். வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். பேட்டரி இறங்கி, விளக்கு அணைகிற நிலையில் மினுங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் நான்கடி முன்னால், நான்கடி பின்னால் நடந்துகொண்டிருந்தார். ஹெல்மெட்டின் மேலே ஆலங்கட்டி உருகாமல் ஒட்டிக்கிடந்தது. வேன் வெளிச்சம் பட்டதும் அவர் முகம் உச்சிப்பக்கமிருந்து திரும்பியது. முதலில் மஞ்சள் சட்டையைத்தான் பார்த்தார். அப்புறம்தான் அதற்குள் இருந்தவளை.

"வால் நீங்களா வர்றீங்க?" என்றார். உதடு ஒத்துழைக்காமல் வார்த்தை வழுக்கியது. "டாக்டர் இன்னும் வரலீங்க. ரெண்டுபேரு பாக்கி. நான் நகரல."

"டாக்டர் வந்துட்டார்ப்பா. எல்லாரும் வந்துட்டாங்க. கீழ் ரோட்டுல வந்துட்டாங்க. நான்... உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்ப்பா."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். யோசிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"அப்ப பின்னாடி யாரும் இல்லீங்களா?"

"இல்லப்பா."

"அப்ப நான் கெளம்பலாங்களா?"

அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். மரக்கட்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் மெதுவாக விலகி, கிளட்சைப் பிடிக்கப் போனார். விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு மருமகனைப் பார்த்து, "கை கொஞ்சம் மரத்துப்போச்சு மாப்பிள்ளை. நீங்க எடுத்துட்டு வர்றீங்களா?" என்றார். கணவன் வண்டியைச் சரிவில் உருட்டி உயிர்கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தான். அவள் வேனை ஓட்டினாள். பக்கத்தில் அப்பா, கம்பளிக்குள்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும்."

"எதுக்குங்க? நீங்க சொன்னது சரிதானே. அந்தப் பையன் பள்ளத்துல விழுந்திருந்தா நான்தானே காரணம். ராத்திரி பூரா அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன்."

"ரெண்டு மணிநேரம் யாரும் வரலன்னா கெளம்பியிருக்கலாமேப்பா..."

"நான் கெளம்பின அடுத்த நிமிஷம் டாக்டர் வந்து அணைக்கட்டுப் பக்கம் போயிட்டா?" என்றார். அதில் குத்தல் எதுவுமில்லை. நிஜமாகவே கேட்டார்.

அந்த ஊர் மருத்துவ நிலையத்தில் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு கட்டில். வயதில் சின்னவளான டாக்டர் அவர் விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். திரும்பியது, ஆனால் முழுசாக இல்லை. விரல் நுனிகளில் உணர்ச்சி வரக் கொஞ்ச நாளாகும், சில விரல்களுக்கு வராமலும் போகலாம் என்றாள். "வண்டி ஓட்டக் கூடாது. பிரேக் பிடிச்சா பிடிச்சது தெரியாது உங்களுக்கு."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும்?" என்று மகள்தான் கேட்டாள். அப்பா கேட்கவில்லை.

"நாளைக்கா? இந்தக் கையோட இனிமே எப்போன்னே இப்ப சொல்ல முடியாது."

அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பா பேசினார். பயணம் பிரமாதமாக இருக்கிறது, நாளைக்குப் பெரிய கணவாய், கொஞ்சம் குளிர், மற்றபடி ராஜ உபசாரம் என்றார். போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அவளைப் பற்றி அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "நல்லா பாத்துக்கறாங்க" என்றார்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை, மழையாவது பெய்து தொலைத்திருக்கலாம். தன் பழைய வண்டிக்குக் கேபிள் கிடைத்துவிட்டதால் பல் டாக்டர் பைக்கில் ஏறினார். வேனுக்குள் டாக்டர் வண்டி கட்டியிருந்த கயிற்றிலேயே அப்பாவின் வண்டியைக் கட்டினார்கள். புது டயர்களில் இன்னும் ரப்பர் முடிகூடத் தேயவில்லை. அப்பா முன்சீட்டில் ஏறி, கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் மஞ்சள் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களையும் மாட்டினாள்.

"இன்னைக்கு வால் நீங்கதான்ப்பா" என்றாள், குரலில் கொஞ்சம் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு.

"சரிங்க" என்றார்.

பெரிய கணவாயின் உச்சியில் எல்லோரும் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் அன்று ஒரு தடவைகூட அவளைப் பாப்பா என்று கேலி செய்யவில்லை. கொழுந்தன் யார் கண்ணையும் பார்க்காமல், துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பாவை மருமகன் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தான். அவர் விளிம்பில் நின்று கீழே வளைந்து வளைந்து ஏறிவந்த சாலையைப் பார்த்தார்.

"படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு மாப்பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காற்று அடிக்கிறது என்று வேனுக்குத் திரும்பிவிட்டார்.

இறக்கத்தில் ஒரு பிரிவு வரும். அது வருவதற்கு முன்பே அவள் கொழுந்தனை முன்னால் போகச் சொன்னாள். "இன்னைக்கு நீ லீடர். நான் காவல் நிக்கறேன்" என்றாள். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவள் காவல் நின்றதில்லை. முனையில் இறங்கி, கால்களை அகட்டி நின்று, கையை நீட்டினாள். டீச்சர் போனாள், டாக்டர் போனார், சகோதரர்கள் போனார்கள். பிறகு சாலை காலியாகிவிட்டது. வேன் வர நேரமாயிற்று. நின்ற கொஞ்ச நேரத்துக்கே குளிர் கையுறைக்குள் நுழைந்து நகக்கண்ணைக் கடித்தது. யாரும் வராத சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

வேன் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது. கணவன் புரிந்துகொண்டு, அவள் பக்கத்தில் நிறுத்தினான். ஜன்னல் இறங்கியது.

"எங்களுக்குப் பின்னாடி யாரும் இல்லீங்க லீடர்" என்றார் அப்பா. "நீங்க கெளம்பலாம்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். காற்றில் முடி கலைந்து முகத்தில் அடித்தது.

"அப்பா. ஒரே ஒருவாட்டி பாப்பான்னு கூப்பிடுங்கப்பா."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்புதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிச் சாலையைக் காட்டினார்.

"இங்க வேணாங்க. வேலை நேரம். முன்னாடி போனவங்க காத்துட்டிருப்பாங்க."

வால் ஒருபோதும் காவலைத் தாண்டிப் போகக் கூடாது என்பதும் அவள் வைத்த விதிதான். வேன் நகராமல் நின்றது. கணவன் ஹாரன் அடிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். இறக்கம் முழுக்க, கண்ணாடியில் அந்த மஞ்சள் நிறம் தூரம் குறையாமலும் கூடாமலும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.